அவரோடு மட்டும் பேசுகிறாள்

லிஃப்ட் மெக்கானிக் அதிகம் பேசாத மனிதர். பேச வேண்டிய தேவையும் அவருக்கு இருந்ததில்லை. வேலை இடத்தில் மோட்டார் இரைச்சல், வீட்டில் மனைவி. அவளுக்கு அவளுடைய கூடப்பிறந்தவர்கள் சிறு வயதிலேயே வைத்த பட்டப்பெயர் ரேடியோ. கண் விழிக்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும் என்று அவளுடைய அண்ணன் கேலி செய்வார். பால் பொங்குவதில் ஆரம்பித்து, மாடி வீட்டுக்காரி நேற்று எதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் என்பதுவரை வரிசையாக வரும். மெக்கானிக் சட்டையை மாட்டிக்கொண்டே “ம்” போடுவார். இடையில் ஒரு “ம்” தவறினால், “நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்” என்று மடக்குவாள்.

மாலை ஜெபமும் அவள் பொறுப்புதான். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில் இருவருமாக உட்காருவார்கள். நோயாளிகள், தேர்வு எழுதுகிறவர்கள், வரன் தேடுகிறவர்கள், மூட்டுவலிக்காரர்கள் என்று தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் ஆள் ஆளாகச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பாள். லிஃப்ட் குழியில் இறங்கும் கணவருக்குக் கால் வழுக்கக் கூடாது என்பதும் தவறாமல் உண்டு. மெக்கானிக்கின் பங்கு கடைசியில் வரும் “ஆமென்” மட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் வாயால் தனியாக ஒரு ஜெபம் செய்ததில்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர் பேசினால் போதாதா என்று இருந்துவிட்டார்.

அந்தப் பேச்சு நின்றது ஒரு வேலை நாளின் காலையில். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வராததற்காக அண்ணனை அவள் கைபேசியில் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி வாக்கியத்தில் சத்தம் நின்றது. அண்ணன் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று மெக்கானிக்குக்குப் பக்கத்துத் தெருவில்தான் வேலை. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மேசைக் காலில் சாய்ந்தபடி அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கைபேசி நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அவரைப் பார்த்ததும் எதையோ சொல்ல முயன்றாள். வந்தது ஒரே ஒரு வார்த்தை.

“நாளைக்கு” என்றாள்.

மருத்துவமனையில் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூளையில் பேச்சுக்கான இடத்துக்கு ரத்தம் போகாமல் அடைத்துக்கொண்டது என்று சொன்னார். அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு, ஆனால் அதற்கு ஒரு நேரக் கெடு உண்டு, அது தாண்டிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்று முடித்தார். நடைபாதையில் நின்றிருந்த மச்சான்காரர் அழுதுகொண்டே, “பேசிட்டே இருந்தா மாப்பிள்ளை. டப்புனு நின்னு போச்சு. லைன் கட்டுன்னு நெனச்சேன்” என்றார்.  அந்த வார்த்தைகள் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப் போல மெக்கானிக்குக்குள் தங்கிவிட்டன. எச்சில் விழுங்கும்போதெல்லாம் குத்தின.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. வலது கையும் காலும் பாதி செயலிழந்திருந்தன. அதற்குக்கூட அவர் பழகிக்கொண்டார். பொத்தான் போடக் கற்றார், தலை வாரக் கற்றார், பின்னல் மட்டும் கடைசிவரை கோணல்தான். பழக முடியாதது அந்த ஒற்றை வார்த்தை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் நாளைக்கு. வலிக்கிறதா என்றால் நாளைக்கு. மகள் தொலைபேசியில் “அம்மா, எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டாலும் நாளைக்குத்தான். சொல்ல நினைத்தது வேறு என்று அவளுக்கே தெரியும். அந்த வார்த்தை வெளியே விழுந்ததும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, இது இல்லை, இது இல்லை என்று தலையை ஆட்டுவாள். மறுபடி முயல்வாள். மறுபடி அதுவே வரும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் ஜன்னலைக் காட்டினாள். அவர் ஜன்னலைத் திறந்தார். இல்லை என்று தலையசைத்தாள். மூடினார், திரையை விலக்கினார், திரையையே கழற்றிக் காட்டினார், ஜன்னல் விளிம்பிலிருந்த சோப்புப் பெட்டி, சீப்பு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் “நாளைக்கு, நாளைக்கு” என்று குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவள் இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டு அழுதாள். அவரும் திரையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, “எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?” என்று கத்தினார். கத்திய பிறகு தரையைத் துடைத்தார். அன்று அவள் கேட்டது என்ன என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

சபையிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஆளுக்கு ஒரு தடவை “பொறுமையா இருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மச்சான்காரர் ஞாயிறு தவறாமல் வந்தார். கட்டில் அருகே நின்று, தெருக்கோடிவரை கேட்கும்படி ஜெபம் செய்வார். அவள் மிரண்டு போய் “நாளைக்கு” என்பாள். “கேட்டீங்களா மாப்பிள்ளை, விசுவாச வார்த்தை! நாளைக்கு நடந்துடும்னு சொல்றா” என்று ஸ்தோத்திரம் சொல்வார் அவர். மெக்கானிக் சமையலறைக்குப் போய்த் தேவையே இல்லாமல் பாத்திரங்களைக் கழுவுவார். லைன் கட்டுன்னு நெனச்ச ஆளு, எனக்கு விசுவாசம் சொல்லிக்குடுக்க வந்துட்டாரு என்று குழாயிடம் முணுமுணுப்பார். ஒருநாள் மகளிடமே தொலைபேசியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: “உங்க மாமா அன்னைக்கு ஒரு நடை வந்து பாத்திருந்தா, உங்கம்மா இப்ப பேசிட்டிருப்பா.” திரும்பிப் பார்த்தால், கட்டிலில் மனைவி விழித்திருந்தாள்.

அவர் வேலைக்குப் போகும் நேரத்தில் மாடி வீட்டுக்காரி வந்து துணைக்கு இருந்தாள். ஒரு காலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள்தான். இப்போது சாப்பாடு ஊட்டுவது முதல் எல்லாமே அவள்தான் செய்தாள். மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணும் அவ்வப்போது வந்தாள். பூனை, குடை, கரண்டி என்று படங்கள் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்வாள். பூனையும் நாளைக்கு, குடையும் நாளைக்கு, கரண்டியும் நாளைக்கு.

வேலையிலும் மெக்கானிக்கின் கை ஓடவில்லை. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் கதவை உதைத்துக்கொண்டு, உங்கள் கம்பெனியை விட மாட்டேன், இது என்ன லிஃப்டா சவப்பெட்டியா என்று கத்திக்கொண்டிருந்தார். வழக்கமாக இப்படிப்பட்டவர்களிடம் மெக்கானிக் கதவிடுக்கு வழியாகத் தாழ்ந்த குரலில் பேசி அமைதிப்படுத்துவார். அன்று அவருக்குள் எதுவோ அறுந்தது.

“கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருய்யா. பேச முடியுதுன்றதுக்காக என்ன வேணா பேசுவியா?”

உள்ளே சத்தம் நின்றது. லிஃப்டைக் கீழே இறக்கிக் கதவைத் திறந்தபோது அந்த ஆள் முறைத்துவிட்டுப் போனார். புகார் மட்டும் மெக்கானிக்குக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டைப் பாருங்கள் என்று தோளைத் தட்டினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

இப்படித்தான் அவர் எதிர்பாராத நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. கொஞ்சம் குழறலாக, கொஞ்சம் மெதுவாக, ஆனால் வார்த்தை வார்த்தையாக. ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபத்தை, ஞாயிறு பள்ளியில் குழந்தைகள் முதலில் மனப்பாடம் செய்யும் அந்த ஜெபத்தை, அவள் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு செருப்பைக் கழற்றி, ஒரு செருப்போடு உள்ளே ஓடினார். “பேசிட்டியா? பேச்சு வந்துடுச்சா? என் பேரச் சொல்லு பாப்போம்” என்றார். அவள் முகமெல்லாம் மலர்ந்து வாயைத் திறந்தாள்.

“நாளைக்கு” என்றாள்.

கட்டிலருகே இருந்த பயிற்சி கொடுக்கும் பெண் அவரை உட்காரச் சொன்னாள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லி வந்தவை, ஜெபமோ பாட்டோ வாய்ப்பாடோ, மூளையில் வேறு வழியாக வரும் என்று விளக்கினாள். நினைத்ததைச் சொல்லும் வழி அடைபட்டாலும் அது சிலருக்குத் திறந்திருக்குமாம். நல்ல அறிகுறி என்றாள். நடுவில் தடுக்கி நின்றால் அடுத்த வரியின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுங்கள், அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

“அப்போ தண்ணி வேணும்னு என்கிட்ட கேக்க முடியாது. ஜெபம் மட்டும் பண்ண முடியும். அப்படித்தானே?” என்றார் மெக்கானிக்.

“இப்போதைக்கு அப்படித்தான் சார்.”

அவர் மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எங்கே போகிறோம் என்று யோசிக்காமலே நடந்தவர் சபைக் கட்டடத்துக்கு வந்து நின்றார். வார நாள், உள்ளே யாருமில்லை. ஒலிபெருக்கிகள் துணி போர்த்திக் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். உட்கார ஒன்றை இழுத்தார். அது அடுத்ததைக் கவ்விக்கொண்டு வர மறுத்தது. உதறினார், முழங்காலால் அழுத்தினார், கடைசியில் அடுக்கே சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில், விழுந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்றபடியே, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் வாயால் கடவுளிடம் பேசினார். சபையில் பேசுவதைப் போல “நீர்”, “உம்மை” என்று வரவில்லை. மேலதிகாரியிடம் முறையிடுவதைப் போலத்தான் வந்தது.

“அவ கிட்ட நீங்க பேசிக்கறீங்க. நல்லா இருங்க. எனக்கு ஒரு வார்த்த விட்டு வெக்கக் கூடாதா? இத்தன வருஷம் அவதான் எனக்கும் சேத்துப் பேசினா. எனக்குப் பேசத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சே அவ வாயக் கட்டினா, நான் யார்கிட்ட போவேன்?”

பதில் எதுவும் வரவில்லை. வானம் திறக்கவில்லை, மனம் லேசாகவும் இல்லை.  இன்னும் நிறையச் சொன்னார். திரைச்சீலை, டம்ளர், சூப்பர்வைசர், மச்சான் எல்லாரையும் இழுத்தார். சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தது. ஆனால் ஒன்றை அவர் கவனித்தார். பொறுமையாக இரு என்று யாரும் இடையில் புகுந்து சொல்லவில்லை. கேட்க வேண்டியதை முழுவதும் கேட்டுக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது அந்த மண்டபம். நாற்காலிகளை மறுபடி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாலை மேசை முன் அவளை உட்கார வைத்து, ஜெபத்தின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அவள் தொடர்ந்தாள். அவரும் கூடவே சொன்னார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அன்றாட ஆகாரம் கேட்கும் இடத்தைத் தாண்டினார்கள். மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தது. எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதைப் போல என்று வரும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

பயிற்சிக்காரப் பெண் சொன்னபடி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அவருக்கு நாக்கு எழவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினார். அவள் வரவில்லை. இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, போதும் இன்றைக்கு என்று எழுந்துவிட்டார்.

மறுநாளும் அங்கேயே நின்றாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பகலில் அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் மாடி வீட்டுக்காரியோடு சொல்லும்போது கடைசிவரை போகிறாளாம். அவரோடு சொல்லும்போது மட்டும் சரியாக அந்த இடத்தில் தடுக்கினாள். உண்மையாகவே தடுக்கினாளா, வேண்டுமென்றே நின்றாளா என்று கேட்க வழியில்லை. கேட்டாலும் என்ன பதில் வரும் என்று தெரியும். “எல்லாரும் சேந்து என்னத்தான் பிடிச்சு உலுக்கறீங்க” என்று அவளிடம் எரிந்து விழுந்தார். எல்லாரும் என்று யாரைச் சேர்த்துச் சொன்னார் என்பது அவருக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மச்சான்காரர் வந்தார். கண்ணை மூடிக் குரலை உயர்த்த ஆரம்பித்ததும் மெக்கானிக் சமையலறைக்குப் போகவில்லை.

“மச்சான், நிறுத்துங்க” என்றார். “ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பேசிட்டிருக்கும்போதே நின்னு போச்சுன்னு சொன்னீங்களே, திரும்பக் கூப்பிட்டீங்களா?”

மச்சான்காரர் கண்ணைத் திறந்தார். பெரிய உடம்பு. ஆனால் சட்டென்று சட்டைக்குள் சுருங்கிவிட்டதைப் போல இருந்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

“கூப்பிட்டேன் மாப்பிள்ளை. ரெண்டு தடவ அடிச்சேன். எடுக்கல. கோவத்துல வெச்சுட்டா போலன்னு நெனச்சேன்.” கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அது மட்டும் இல்ல. அப்பாடா, ரேடியோ நின்னுதுன்னு நெனச்சேன். சந்தோஷப்பட்டேன். அதத்தான் யார்கிட்டயும் சொல்ல முடியல.”



“நான் ஏன் இப்படிக் கத்தி ஜெபம் பண்றேன்னு உங்களுக்கு எரிச்சல். எனக்குத் தெரியும்” என்றார் மச்சான்காரர். “மெதுவா பண்ணா, அந்த அப்பாடா தான் மாப்பிள்ளை எனக்குக் கேக்குது.”

கதையாக இருந்தால் மெக்கானிக் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்திருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. கோபம் அப்படியே இருந்தது. இத்தனை நாள் அந்தக் கோபத்துக்கு முன்னால் நின்றது சத்தம் போடும் ஓர் ஆள். இப்போது அங்கே தன்னைப் போலவே தூக்கம் கெட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். மச்சான்காரர் தலையசைத்தார். கட்டிலில் இருந்தவள் தன் இடது கையை நகர்த்தி அண்ணனின் முழங்காலில் வைத்தாள். 

அன்று மாலை, அந்த இடத்தில் அவள் வழக்கம்போல நின்றாள். மெக்கானிக் நெடுநேரம் மேசையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஆண்டவரே, இது என் மனசிலிருந்து வரவில்லை, வாயிலிருந்துதான் வருகிறது, மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு, அந்த வரியின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அவள் உடனே பிடித்துக்கொண்டு, தடையில்லாமல் கடைசிவரை போனாள். ஆமென் என்று முடித்தவளும் அவள்தான். அவர் பங்காக இருந்த அந்த ஒரு வார்த்தையையும் எடுத்துக்கொண்டுவிட்டாள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் மேசையில் தலையை வைத்து அழுதார். அவள் அவருடைய முடியைக் கோதிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வேண்டாம், சூடு, போதும் என்று சில வார்த்தைகள் மெல்ல வந்தன. “போதும்” வந்த நாளிலிருந்து சாப்பாட்டில் சண்டை குறைந்தது. ஆனால் அவருடைய பெயர் வரவில்லை. அவர் இன்னும் கத்தினார். கத்திவிட்டு, மாலையில் அதையும் சேர்த்து ஆண்டவரிடம் சொன்னார். இப்போது ஜெபத்தை நடத்துகிறவர் அவர். நோயாளிகள், தேர்வு எழுதுகிறவர்கள், மூட்டுவலிக்காரர்கள் எல்லாரையும் அவரே ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. யாரையாவது விட்டுவிட்டால் அவள் மேசையைத் தட்டுவாள். மச்சானின் பெயரும் அதில் வந்தது. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பிறகு, எப்போது என்று தெரியாமலே, சாதாரணமாகச் சொன்னார். தொண்டையில் குத்தல் இல்லையென்று ஒருநாள் எச்சில் விழுங்கும்போது தெரிந்தது.

வேலைக்குத் திரும்பி வெகு நாட்களான பிறகு, போதகர் அவரைச் சபையில் சாட்சி சொல்லும்படி கேட்டார். மாட்டேன் என்று எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். கடைசியில் மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“என் வீட்டுக்காரிக்குப் பேச்சு வரல. எனக்குக் கோவம் போகல” என்றார். “ஆனா அந்தக் கோவத்த யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு இப்ப தெரியும். எவ்வளவு சொன்னாலும் அவர் எழுந்து போறதில்ல. சொல்லிட்டு வந்தா தூக்கம் வருது. அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார். இதற்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் சபை கொஞ்ச நேரம் விழித்தது. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் மட்டும் விசும்பும் சத்தம் கேட்டது.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். வாசற்படியில் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, செயலிழந்த காலுக்குச் செருப்பு மாட்ட மெக்கானிக் குனிந்தார். விரல்கள் மடங்கிக்கொண்டு வாருக்குள் நுழைய மறுத்தன. மச்சான்காரரும் மூச்சு வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் குனிந்தார். இருவர் தலையும் இடித்துக்கொண்டன. நீங்கள் காலைப் பிடியுங்கள், நான் செருப்பைப் பிடிக்கிறேன் என்று ஒருவர் சொல்ல, முதலில் குதிகாலை நுழைக்க வேண்டும் என்று மற்றவர் சொல்ல, வாக்குவாதம் நீண்டது. பின்னால் காத்திருந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நாற்காலியில் இருந்தவள் இரண்டு வழுக்கைத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும்” என்றாள், தெளிவாக.

மெக்கானிக் செருப்பைத் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். வெறுங்காலோடு இருந்தவளை இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தாங்கிப் பிடித்துப் படியில் இறங்கினார்கள்.